டப்பாவின் பின்பக்கம்: மலையகத்தில் இருந்துகொண்டு நனிசைவ அழகுப் பொருள்களுக்கு மாறுவது

லிப்ஸ்டிக் குச்சியின் அடியில் ஒட்டியிருக்கும் சின்ன ஸ்டிக்கரில் சி.ஐ. 75470 என்று ஒரு சாய எண் இருந்தால், அந்தச் சிவப்பு பூச்சியிலிருந்து வந்தது. சப்பாத்திக்கள்ளியில் ஒட்டி வாழும் கொச்சினீல் என்ற பூச்சியைச் சேகரித்து, காயவைத்து, நசுக்கி எடுக்கும் சாயம் அது. கார்மைன் என்றும் எழுதுவார்கள். அதற்குப் பக்கத்திலேயே சி.ஐ. 15850 போட்ட சிவப்பும் இருக்கலாம். அது ஆலையில் செய்த சாயம், பூச்சிக்கு அதில் வேலையில்லை. இரண்டுக்கும் முன்பக்கத்தில் ஒரே மாதிரி ரோஜாப் படம்தான். நனிசைவத்துக்கு, அதாவது விலங்கிலிருந்து எடுத்தது எதுவும் சேராத பொருள்களுக்கு, மாறுவது என்பதில் பாதி வேலை இதுதான்: முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் படிக்கப் பழகுவது.

மலையகத்தில் இருப்பவர்களுக்கு இதில் இரண்டு கூடுதல் சிக்கல் உண்டு. ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை டவுன் கடைகளில் என்ன கிடைக்கிறதோ அதிலிருந்துதான் பொறுக்க வேண்டும். அடுத்தது குளிர். கொழும்புச் சூட்டுக்கு எழுதிய அளவுகள் நுவரெலியாவில் கல்லாகிப்போகும்.

இரண்டு வேறு கேள்விகள்

இதில் விலங்கிலிருந்து எடுத்தது ஏதும் சேர்ந்திருக்கிறதா என்பது ஒரு கேள்வி. இதை விலங்கின் மேல் சோதித்தார்களா என்பது வேறு கேள்வி. முதலாவதற்கு "இல்லை" என்றால் அது நனிசைவம். கடையில் கேட்கும்போது "வீகன்" என்றால்தான் புரியும். இரண்டாவதற்கு "இல்லை" என்றால் அது வதையற்றது, டப்பாவில் "குரூயல்ட்டி ஃப்ரீ" என்று இருக்கும். தேன்மெழுகு சேர்த்த லிப் பாம் எந்த முயலையும் தொடாமல் செய்யப்பட்டிருக்கலாம், ஆனாலும் அது நனிசைவம் ஆகாது. செடிச்சாறு மட்டும் சேர்ந்த ஷாம்பூவில் உள்ள ஒரு இரசாயனம் முயலின் கண்ணில் விட்டுப் பார்க்கப்பட்டதாகவும் இருக்கலாம்.

நம்முடைய "சைவம்" என்ற சொல்லும் இங்கே காலை வாரிவிடும். வெள்ளிக்கிழமை கவுச்சி சேர்க்காத வீட்டில் பாலும் தயிரும் நெய்யும் தாராளமாகப் புழங்கும். இந்தியாவிலிருந்து வரும் ஷாம்பூ, பற்பசைகளில் காணும் பச்சைப் புள்ளி சொல்வது அந்தச் சைவத்தைத்தான். பாலும் தேனும் அதற்குள் அடங்கும். ஹலால் முத்திரைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. "தோல் மருத்துவரால் பரிசோதிக்கப்பட்டது" என்ற வரி மனிதத் தோலில் பார்த்ததைச் சொல்கிறது. விலங்கைப் பற்றி அது வாய் திறப்பதில்லை.

சட்டத்தின் நிலவரமும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் நம் கடைகளில் இருப்பதில் நிறைய இறக்குமதி. ஐரோப்பிய ஒன்றியம் 2004இல் தொடங்கிப் படிப்படியாகத் தடுத்து, 2013 மார்ச்சில் விலங்குகளில் சோதித்த அழகுப் பொருள்களின் விற்பனைக்கு முழுத் தடை போட்டது. இந்தியா 2014இல் சோதனையையும், அப்படிச் சோதித்தவற்றின் இறக்குமதியையும் தடை செய்தது. சீனா நெடுங்காலமாக இறக்குமதிப் பொருள்களுக்கு விலங்குச் சோதனையைக் கட்டாயமாக்கியிருந்தது. 2021 மே மாதம் முதல் ஷாம்பூ, லிப்ஸ்டிக், லோஷன் போன்ற சாதாரணப் பொருள்களுக்கு, உரிய சான்றிதழ் இருந்தால், அது கட்டாயமில்லை. முடிச்சாயம், வெயில் கிரீம், நிறம் வெளுப்பிக்கும் கிரீம் ஆகியவை அங்கே "சிறப்பு" வகைக்குள் வருவதால் இந்தத் தளர்வு அவற்றுக்கு இல்லை. அதனால் ஒரு கம்பனியைப் பற்றி விசாரிக்கும்போது "சீனக் கடைகளில் எதை விற்கிறீர்கள்?" என்று கேட்பது வீண் கேள்வி அல்ல.

முயல் படங்களில் எது நிஜம்

நட்சத்திரங்களோடு பாயும் முயல் ஒன்று உண்டு. அது "லீப்பிங் பன்னி". கம்பனி ஒரு தேதியைக் குறித்து, அதற்குப் பிறகு தானும் தனக்கு மூலப்பொருள் தருபவர்களும் விலங்கில் சோதிக்கவில்லை என்று காட்ட வேண்டும். வெளியாள் வந்து கணக்குப் பார்க்கவும் சம்மதிக்க வேண்டும். இருப்பதில் இறுக்கமானது இதுதான். ஆனால் இது சோதனையைப் பற்றிய முத்திரை மட்டுமே. தேன்மெழுகு, கம்பளிக் கொழுப்பு சேர்ந்த பொருளிலும் இது இருக்கலாம்.

பீட்டா அமைப்பின் முயல் பெரும்பாலும் கம்பனி எழுதித் தரும் உறுதிமொழியை வைத்து வழங்கப்படுவது. அதில் இரண்டு தரம் உண்டு: சோதனை இல்லாதது மட்டும், சோதனையும் இல்லாமல் நனிசைவமாகவும் இருப்பது. படத்தின் கீழுள்ள எழுத்தைப் படித்தால்தான் எது என்று தெரியும். 1944இல் இங்கிலாந்தில் தொடங்கிய வீகன் சொசைட்டியின் முத்திரை "வீகன்" என்ற சொல்லோடு ஒரு பூ வளர்வது போலிருக்கும். விலங்குப் பொருளும் கூடாது, சோதனையும் கூடாது என்பது அதன் விதி. மஞ்சள் நிற வி-லேபலில் சைவத்துக்கு ஒன்று, நனிசைவத்துக்கு ஒன்று என இரண்டு வகை இருப்பதால் அங்கும் சொல்லைப் பார்க்க வேண்டும்.

மற்றபடி காது நீட்டி உட்கார்ந்திருக்கும் அழகான முயல்களை எந்த அச்சகமும் வரைந்து தரும். சந்தேகம் வந்தால், கடையிலேயே நின்று போனில் லீப்பிங் பன்னியின் பட்டியலைத் திறந்து பெயரைத் தேடுங்கள். பட்டியலில் இல்லை என்பதாலேயே கெட்டது என்று ஆகாது. முத்திரைக்குப் பணமும் நேரமும் செலவழிக்க முடியாத சிறு கம்பனிகள் உண்டு. அவர்களிடம் நேரே கேட்கலாம். எப்படி என்பது கடைசியில் வருகிறது.

பட்டியலில் தேட வேண்டிய பெயர்கள்

இறக்குமதியாளரின் பெயரும் விலையும் போட்ட ஸ்டிக்கர் சில வேளை சரியாக மூலப்பொருள் பட்டியலின் மேலேயே உட்கார்ந்திருக்கும். ஓரத்தை நகத்தால் தூக்கிப் பார்க்கலாம், அல்லது அதே பொருளின் பெயரை இணையத்தில் தேடலாம். சஷே பாக்கெட்டில் எழுத்து பொடிப்பொடியாக இருக்கும். டவுனுக்குப் போகும்போது அதே ஷாம்பூவின் பெரிய போத்தலை எடுத்துப் படித்துவிட்டு, தோட்டத்துக் கடையில் சஷேயாகவே வாங்கிக்கொள்ளலாம்.

சந்தேகமில்லாமல் விலங்கிலிருந்து வருபவை இவை:

- சோடியம் டாலோவேட்: மாட்டுக் கொழுப்பில் செய்த சவர்க்காரம். சோடியம் கோகோவேட் தேங்காய் எண்ணெய், சோடியம் பாமேட் பாம் எண்ணெய். இவை இரண்டும் செடி வழி.
- லானோலின், வூல் ஃபேட், வூல் அல்கஹோல்: ஆட்டுக் கம்பளியின் கொழுப்பு. வெடித்த உதட்டுக்கும் குதிகாலுக்கும் போடும் களிம்புகளில் அதிகம்.
- செரா ஆல்பா, பீஸ்வாக்ஸ்: தேன்மெழுகு. லிப் பாம், கண் மை, மீசை மெழுகு.
- கார்மைன், சி.ஐ. 75470: மேலே சொன்ன பூச்சி. இளஞ்சிவப்பு, ஊதா ஐஷேடோக்களிலும் இருக்கும்.
- குவானின், சி.ஐ. 75170: மீன் செதிலின் மினுமினுப்பு. நகப்பூச்சில் பாருங்கள்.
- ஷெல்லாக்: அரக்கு, ஒருவகைப் பூச்சி சுரப்பது.
- கெரட்டின், கொலாஜன், எலாஸ்டின், சில்க் அமினோ அசிட்: கொம்பு, குளம்பு, தோல், பட்டுப்புழு.
- மெல் என்றால் தேன், லாக் என்றால் பால்.

இன்னொரு கூட்டம் இரண்டு பக்கமும் ஆடும். கிளிசரின், ஸ்டியரிக் அசிட், கிளிசரில் ஸ்டியரேட் ஆகியவை தேங்காய், பாம் எண்ணெயிலிருந்தும் வரும், மாட்டுக் கொழுப்பிலிருந்தும் வரும். ஸ்குவாலீன் சுறா ஈரலிலிருந்து வந்த சரக்கு. இன்று ஒலிவ், கரும்பிலிருந்து செய்யும் ஸ்குவாலேன் பரவலாக இருந்தாலும் மூலம் எதுவென்று கேட்டே ஆக வேண்டும். பட்டியலைப் பார்த்து இவற்றைத் தீர்மானிக்க முடியாது. முதல் மாதமே கிளிசரினைத் துரத்திக்கொண்டு போனால் பற்பசைகூட வாங்க முடியாமல் சலிப்பு வந்துவிடும். முதலில் மேலே உள்ள பட்டியலை மட்டும் ஒழியுங்கள். சந்தேகக் கூட்டத்தை கம்பனிக் கடிதத்துக்கு ஒதுக்குங்கள்.

சவர்க்காரத்தில் பார்க்கும் டி.எஃப்.எம். எண் கொழுப்பு எவ்வளவு என்று சொல்லும், எந்தக் கொழுப்பு என்று சொல்லாது. "சோப் நூடுல்ஸ்" (சவர்க்காரம் செய்யும் மூலத்துண்டுகள்) என்று மட்டும் போட்டிருந்தாலும் அதே கதைதான்.

செடி போலப் பெயர், செடி அல்ல

ஆங்கிலப் பட்டியலில் தேறியவர்கள்கூட நம்முடைய நாட்டுச் சரக்கில் தவறிவிடுவார்கள். கோரோசனை மாட்டின் பித்தப்பையில் விளையும் கல். புனுகு புனுகுப் பூனையின் சுரப்பியிலிருந்து வருவது. கஸ்தூரி ஒருவகை மானிலிருந்து எடுப்பது. கஸ்தூரி மஞ்சள் மட்டும் பெயரில்தான் கஸ்தூரி, அது முழுக்கக் கிழங்கு. ஜவ்வாதுப் பொடியில் புனுகு சேர்ப்பது பழைய வழக்கம். இப்போது கிடைப்பதில் என்ன இருக்கிறது என்பதை டப்பாவைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். சாம்பிராணி மரப்பிசின், கவலையில்லை.

ஆயுர்வேதத் தைலங்களில் க்ஷீர என்று வந்தால் பால், கிருதம் என்றால் நெய், மது என்றால் தேன், லாக்ஷா என்றால் அரக்கு. முகப்பொலிவுக்கு விற்கும் குங்குமாதி தைலத்தின் பழைய செய்முறையில் ஆட்டுப்பாலும் அரக்கும் உண்டு. வீட்டில் காய்ச்சும் கண் மையில் நெய் விட்டால் அதுவும் வெளியே போகிறது.

முகத்துக்குத் தடவவென்று பாமசியில் வாங்கும் பச்சை நிற விட்டமின் ஈ குளிசையின் ஓடு பெரும்பாலும் ஜெலட்டின், அதாவது எலும்பும் தோலும் வேகவைத்து எடுத்தது. எண்ணெய் செடியிலிருந்து வந்திருந்தாலும் ஓடு அப்படியல்ல.

எல்ல, நுவரெலியாப் பக்கம் சுற்றுலாக்காரர்களுக்காக வைத்திருக்கும் "கைவினை" சவர்க்காரங்களும் இந்த வகைதான். வாழைநார் கட்டி, கடதாசி சுற்றி அழகாக இருக்கும். உள்ளே ஆட்டுப்பாலோ தேனோ இருப்பது சகஜம்.

எதிலிருந்து தொடங்குவது

வீட்டில் இருப்பதைத் தூக்கி எறிய வேண்டாம். அதற்குக் கொடுத்த காசு ஏற்கெனவே கம்பனிக்குப் போய்விட்டது. தீரத் தீர மாற்றுங்கள். சம்பள நாளில் சாமான் எழுதும்போது அந்த மாதம் எது தீர்கிறதோ அந்த ஒன்றை மட்டும் மாற்றினால் செலவும் தெரியாது, தோல் ஒத்துக்கொள்ளாவிட்டால் எது காரணம் என்றும் தெரியும். ஒரே கிழமையில் ஐந்தை மாற்றி முகம் சிவந்தால் குற்றவாளியைக் கண்டுபிடிக்க முடியாது.

வேகமாகத் தீர்வது குளிக்கும் சவர்க்காரம். அதனால் அதுவே முதல். அடுத்தது ஷாம்பூ. மலையக ஊற்று நீர் பொதுவாக மென்மையானது, யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர் போல உப்புக் கடினம் இல்லை. நுரை கொட்டும், அலசினாலும் வழுக்குவது போலிருக்கும். வழக்கமாக எடுப்பதில் பாதி போதும். சிலிக்கோன் சேர்ந்த ஷாம்பூவை விட்டு மாறும்போது முதல் இரண்டு கிழமை முடி சொரசொரப்பாகத் தோன்றலாம். புதிய ஷாம்பூ கெடுத்துவிட்டது என்று அதற்குள் முடிவு கட்ட வேண்டாம். முட்டை, தயிர் தடவும் பழக்கம் இருந்தால் ஊறவைத்து அரைத்த வெந்தயமோ, கசக்கிப் பிழிந்த செவ்வரத்தை இலையின் கொழகொழப்போ அந்த வேலையைச் செய்யும். முகத்துக்குப் பாலாடைக்குப் பதில் தேங்காய்ப்பால்.

எந்தப் புதுப் பொருளானாலும் முழங்கையின் உள்பக்கம் ஒரு சதம் அளவு தடவி 24 மணி நேரம் பாருங்கள். முடிச்சாயத்துக்கு 48 மணி நேரம். நனிசைவம் என்பதால் ஒவ்வாமை வராது என்று எந்த விதியும் இல்லை.

மேக்கப் பிரஷ் என்ன மயிர் என்று பெயரட்டையில் இல்லாவிட்டால், ஒரு மயிரைப் பிடுங்கி வெளியே வைத்துத் தீக்குச்சி காட்டுங்கள். விலங்கு மயிர் என்றால் முடி கருகும் நாற்றமடித்துச் சாம்பலாக உதிரும். செயற்கை இழை உருகிச் சின்ன முத்தாகத் திரளும். ஒட்டு இமைகளில் "மிங்க்" என்று இருந்தால் அது நீர்நாய்க் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு ஜீவனின் மயிர்.

குளிருக்கு ஏற்ற உதட்டுக் களிம்பு

தேங்காய் எண்ணெய் சுமார் 24 பாகையில் உறையும். கொழும்பில் அது எப்போதும் எண்ணெய். 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் வருடம் முழுக்க அது மெழுகு. இணையத்தில் கிடைக்கும் லிப் பாம் செய்முறைகள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. அப்படியே செய்தால் உதட்டில் ஒட்டாத ஒரு கல் கிடைக்கும். இன்னொரு தவறு, தேன்மெழுகு சொன்ன அளவுக்கே செடிமெழுகைப் போடுவது. கண்டலில்லா மெழுகு தேன்மெழுகைவிட இறுக்கமானது. தேன்மெழுகின் பாதி அளவுக்குச் சற்றுக் கூடினால் போதும்.

ஐந்து சின்ன டப்பாவுக்கான அளவு: கண்டலில்லா மெழுகுத் துகள் 6 கிராம், அதாவது இரண்டு தேக்கரண்டி மட்டமாக. தேங்காய் எண்ணெய் 5 தேக்கரண்டி. விளக்கெண்ணெய் 4 தேக்கரண்டி. விளக்கெண்ணெய் இந்தக் குளிரிலும் உறையாது. களிம்பை இளக்கமாக வைத்திருப்பது அதுதான். கண்டிப் பக்கம் இருப்பவர்கள் மெழுகை இன்னும் அரைத் தேக்கரண்டி கூட்டலாம்.

ஒரு சட்டியில் இரண்டு அங்குலம் தண்ணீர் கொதிக்கவிட்டு, அதற்குள் ஈரமில்லாத எவர்சில்வர் கிண்ணத்தை வைத்து மெழுகையும் விளக்கெண்ணெயையும் முதலில் போடுங்கள். கண்டலில்லா 70 பாகை அளவில் உருகும். நுவரெலியா உயரத்தில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும், இருந்தாலும் அது போதும். கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். கார்னோபா மெழுகு போடுபவர்களுக்கு இன்னும் நேரம் எடுக்கும், ஏனென்றால் அது 82 முதல் 86 பாகையில்தான் உருகும். ஒரு துகள்கூட மிதக்காமல் தெளிந்த பிறகு தேங்காய் எண்ணெயைச் சேருங்கள். குளிர்ந்த எண்ணெயைக் கொட்டியதும் மெழுகு மறுபடி கட்டி தட்டும். பயப்பட வேண்டாம், திரும்பத் தெளியும் வரை சூட்டிலேயே வையுங்கள். இந்த இடத்தில் அவசரப்பட்டு இறக்கினால்தான் களிம்பு மணல் போல உறுத்தும்.

டப்பாவில் ஊற்றும் முன் ஒரு சொட்டைக் குளிர்ந்த கரண்டியில் விட்டு ஐந்து நிமிடம் பாருங்கள். விரலில் எடுக்க வராவிட்டால் அரைத் தேக்கரண்டி விளக்கெண்ணெய்; ஒழுகினால் ஒரு சிட்டிகை மெழுகு. டப்பாக்கள் குளிர்ந்திருந்தால் மேற்பரப்பு நடுவில் குழி விழும், வெந்நீரில் கழுவித் துடைத்து வெதுவெதுப்பாக வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஒரு சொட்டுக்கூட சேரக்கூடாது. சேர்ந்தால் பூஞ்சணம் வரும்.

மெழுகு இணையத்தில்தான் கிடைக்கும். லயத்து வாசலுக்குக் கூரியர் வராது என்றால், தெரிந்த டவுன் கடையின் முகவரியைக் கேட்டு வாங்கிக் கொடுப்பது நல்லது. மெழுகே இல்லாமல் செய்ய வேண்டுமானால் மூன்று பங்கு தேங்காய் எண்ணெய்க்கு ஒரு பங்கு நல்லெண்ணெய் உருக்கிக் கலந்து டப்பாவில் விடுங்கள். நுவரெலியா, கந்தப்பளைக் குளிரில் இது மென்மையான களிம்பாகவே நிற்கும். சட்டைப் பையில் வைத்தால் இளகிவிடும், வீட்டில் வைத்துக் குதிகால் வெடிப்புக்குத் தடவ நல்லது.

குளியல் மா, மருதாணி

பாசிப்பயறு மா 200 கிராமுக்குக் கஸ்தூரி மஞ்சள் ஒரு மேசைக்கரண்டி, காய்ந்த தோடம்பழத் தோல் பொடி இரண்டு மேசைக்கரண்டி. செய்முறை இவ்வளவுதான். சிக்கல் காயவைப்பதில். பனிமூட்டம் இறங்கும் மாதங்களில் முற்றத்தில் காயப்போட்டது காய்வதற்குள் பூத்துவிடும். பெப்ரவரி, மார்ச் வெயிலில் மொத்தமாகக் காயவைத்து எடுங்கள். இல்லாவிட்டால் தோலை அடுப்புக்கு மேல் பரணில் இரண்டு நாள் வைத்து, அரைக்கும் முன் வெறும் சட்டியில் இளஞ்சூட்டில் புரட்டுங்கள். உடைத்தால் "டக்" என்ற சத்தம் வர வேண்டும். இறுக்கமான தகர டின்னில் போட்டுவையுங்கள். ஈரக் கரண்டி பட்டால் முழு டின்னும் போச்சு. புளித்த வாடை வந்தால் கொட்டிவிடுங்கள்.

கற்றாழையை வெட்டியதும் முகத்தில் தேய்ப்பது பலர் செய்யும் தவறு. வெட்டு வாயைக் கீழே பார்க்கச் சாய்த்துப் பதினைந்து நிமிடம் வைத்தால் மஞ்சள் பால் வடிந்துவிடும். அரிப்பைத் தருவது அந்தப் பால்தான். பிரிஜ் இல்லாத வீட்டில் எடுத்த அன்றே பாவித்து முடிக்க வேண்டும்.

நரைக்கு மருதாணி போடுபவர்கள் கழுத்தளவு முடிக்கு 100 முதல் 150 கிராம் தூளை எடுத்து, திக்கான பிளேன் டீயை ஆறவைத்து வெதுவெதுப்பாக ஊற்றித் தயிர்ப் பதத்துக்குக் குழையுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் சாயம் மங்கும். எலுமிச்சைச் சாறு இரண்டு கரண்டி சேர்க்கலாம். முட்டையும் தயிரும் வேண்டாம். நனிசைவம் என்பதற்காக மட்டுமல்ல, அவை முடியில் சாயம் பிடிப்பதையும் குறைக்கும். வெதுவெதுப்பான அறையில் 8 முதல் 12 மணி நேரத்தில் சாயம் இறங்கும். மலைக்குளிரில் ஒரு முழு நாள்கூட ஆகலாம். பாத்திரத்தை மூடி அடுப்படியில் சூடு படும் தூரத்தில் வையுங்கள். மேலே பழுப்பும் உள்ளே பச்சையுமாக நிறம் பிரிந்தால் தயார். தலையில் வைத்த பின் பொலித்தீன் உறையும் துவாயும் சுற்றி மூன்று மணி நேரம். சுற்றாமல் விட்டால் காய்ந்து உதிரும், தடிமலும் பிடிக்கும். நரை ஆரஞ்சுச் சாயலாக வரும். கறுப்பு வேண்டுமானால் மறுநாள் அவுரிப் பொடி. "கறுப்பு மருதாணி" என்று ஒரே தடவையில் கறுப்பாக்கும் பாக்கெட்டில் பி.பி.டி. என்ற இரசாயனம் இருக்கலாம். அது கடும் ஒவ்வாமையைக் கிளப்பும்.

வெயில் கிரீமும் வெள்ளைக் கிரீமும்

குளிராக இருக்கிறது என்று வெயில் கிரீமை விடாதீர்கள். ஆயிரம் மீற்றர் ஏறினால் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 முதல் 12 சதவீதம் கூடும், மெல்லிய மேகம் அதைப் பெரிதாகத் தடுக்காது. மலையில் கொழுந்து எடுப்பவர்களின் கன்னத்திலும் புறங்கையிலும் விழும் கரும்படைக்கு இது ஒரு முக்கிய காரணம். எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாதது, முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம், இரண்டு மணிக்கொரு தடவை மறுபடியும், வியர்த்தால் அதற்கு முன்பே. குச்சி வடிவில் வருவதிலும் "தண்ணீரில் கரையாது" என்று வருவதிலும் தேன்மெழுகு உண்டா என்று பாருங்கள். வீட்டில் எண்ணெயும் பொடியும் கலந்து வெயில் கிரீம் செய்ய முயல வேண்டாம். எவ்வளவு காக்கிறது என்று வீட்டில் அளக்க வழியில்லை.

நிறம் வெளுப்பிக்கும் இரவுக் கிரீம்களைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது, மாறும்போது பலர் தடுமாறுவது இங்கேதான். செய்தவர் பெயரும் மூலப்பொருளும் இல்லாத டப்பாக்களில் பாதரசமோ ஸ்டீரொய்டோ இருக்கலாம். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச மினமாட்டா உடன்படிக்கை, பாதரசம் சேர்த்த அழகுப் பொருள்களுக்கு 2020ஐக் கெடுவாக வைத்தது, ஆனாலும் அவை உலகெங்கும் இன்னும் விலை போகின்றன. ஸ்டீரொய்டு சேர்ந்ததை மாதக்கணக்கில் பூசிவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் முகம் சிவந்து எரியும், பருக்கள் கிளம்பும். அந்த நேரம் பார்த்துப் புதிதாகப் போட்ட நனிசைவக் கிரீமின் மேல் பழி விழும், பழைய டப்பா திரும்ப வீட்டுக்கு வரும். அப்படிப்பட்ட கிரீமை நீண்டகாலம் போட்டவர்கள் புதியதற்கு மாறும் முன், டப்பாவையும் எடுத்துக்கொண்டு தோல் கிளினிக்கில் ஒரு தடவை காட்டுவது நல்லது.

இன்னொரு பக்கக் குறிப்பு. ஐஷேடோவின் மினுக்கத்துக்குப் போடும் மைக்கா, சி.ஐ. 77019, கல், விலங்குக்கு அதில் தீங்கில்லை. ஆனால் இந்தியாவின் ஜார்க்கண்ட் பக்கத்து மைக்காச் சுரங்கங்களில் பிள்ளைகள் வேலை செய்வது பலமுறை வெளிவந்த செய்தி. எந்த முயல் முத்திரையும் இதைப் பார்ப்பதில்லை. கம்பனிக்கு எழுதும்போது இதையும் ஒரு வரி சேர்த்துக் கேட்கலாம்.

கம்பனிக்கு எழுதுவது

"உங்கள் பொருள் வீகனா?" என்று கேட்டால் "ஆம், இயற்கையானது" என்று பதில் வரும். அந்தப் பதிலால் பயனில்லை. தப்ப முடியாதபடி கேட்க வேண்டும். மின்னஞ்சலிலோ முகநூல் பக்கத்திலோ இப்படி அனுப்பலாம்:

"வணக்கம். உங்களுடைய இந்தப் பொருளை (பெயர், அளவு) வாங்க விரும்புகிறேன். முடிவான பொருளையோ அதன் மூலப்பொருள்களையோ நீங்கள், உங்களுக்கு மூலப்பொருள் தருபவர்கள், உங்களுக்காக வேறு யாராவது விலங்குகளில் சோதிக்கிறீர்களா? எந்தத் தேதிக்குப் பிறகு சோதிக்கவில்லை? விலங்குச் சோதனையைச் சட்டம் கேட்கும் நாடுகளில் விற்கிறீர்களா? இதில் உள்ள கிளிசரின், ஸ்டியரிக் அசிட் எதிலிருந்து வருகின்றன? வாசனைக் கலவையில் விலங்கு வழிப் பொருள் உண்டா?"

முதல் கேள்வியில் மூன்று பேரைக் குறிப்பிடுவது காரணத்தோடுதான். "நாங்கள் சோதிப்பதில்லை" என்பது உண்மையாக இருக்கும்போதே, ஒப்பந்த ஆய்வுகூடம் ஒன்று அவர்களுக்காகச் சோதித்திருக்கலாம். "சட்டம் கேட்டால் ஒழிய சோதிப்பதில்லை" என்ற பதில் வந்தால் அது "சோதிக்கிறோம்" என்பதன் மரியாதையான வடிவம். இரண்டு கிழமை பதில் இல்லாவிட்டால் ஒரு தடவை நினைவூட்டுங்கள். அதற்கும் பேச்சில்லை என்றால் அடுத்த கம்பனிக்குப் போய்விடலாம்.

வதையற்ற பிராண்டைச் சோதனை செய்யும் பெரிய கம்பனி ஒன்று வாங்கியிருந்தால் என்ன செய்வது என்ற கேள்வி எப்போதும் வரும். சிலர் அதையும் தவிர்ப்பார்கள். டவுனில் கிடைப்பதே இரண்டு மூன்று என்றிருக்கும் இடத்தில் வாங்கலாம் என்பது எங்கள் கட்சி. அந்தப் பொருள் விற்றுத் தீர்ந்தால்தான் கடைக்காரர் அடுத்த முறையும் அதை எடுத்து வைப்பார்.

வந்த பதிலைத் தேதியோடு ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். கம்பனிகள் சொல்லாமல் கலவையை மாற்றும். போன வருடம் பாம் எண்ணெயில் இருந்த சவர்க்காரம் இந்த வருடம் மாட்டுக் கொழுப்புக்குப் போயிருக்கலாம், உறையில் "புதிய மணம்" என்று மட்டும்தான் இருக்கும். பழைய போத்தலின் பின்பக்கத்தைப் போனில் படமெடுத்து வைத்துக்கொண்டால், கடையில் புதியதோடு ஒப்பிட ஒரு நிமிடம் போதும்.